அறுபத்தொன்று என்று எழுதினேன்

1

நேற்றுக் காலை என் மாமியார் என் மகளின் நெற்றியை உடைத்துவிட்டார். எவர்சில்வர் தட்டு. அதிலிருந்த தோசையோடு பறந்து வந்து, விளிம்பு பட்டுப் புருவத்துக்கு மேல் கிழித்தது. மகள் ரீத்தா தாதிப் பயிற்சியில் இருப்பவள். வேலைக்குக் கிளம்ப வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு நின்றாள். அந்த வெள்ளையெல்லாம் ரத்தம். நானே மூன்று தையல் போட்டேன். மூன்றாவது தையல் கோணலாகிவிட்டது.

அவள் செய்த குற்றம் இதுதான். ஒரு காகிதத்தைப் பாட்டி முன்னால் வைத்து, "பாட்டி, சளிக்காய்ச்சல் ஊசி போடணும்லா. உங்க ஊமோர் எவ்ளோ?" என்று கேட்டாள். மலாயில் ஊமோர் என்றால் வயது.

"ஒங்கப்பன் கேட்டது பத்தலையா? நீயும் கேக்க வந்துட்டியா?" என்று கத்தினார் மாமியார் அந்தோணியம்மா. தட்டு பறந்தது. கத்திய வேகத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரில் கையை ஊன்றிக் கால் மணி நேரம் இருமினார்.

அந்த இருமல்தான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சில் சளி கட்டிப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு காய்ச்சல் வந்தால் இந்த உடம்பு தாங்காது, மழை தொடங்குவதற்குள் ஊசி போட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழைக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

நெற்றியில் பஞ்சை அழுத்திக்கொண்டு ரீத்தா என்னிடம் இங்கிலீஷில் கேட்டாள். இந்தக் கிழடுகள் எல்லாம் ஊசி என்றால் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? வகுப்பில் சொல்லிக்கொடுத்த காரணங்களை விரல் மடக்கி எண்ணினாள். ஊசிக்குப் பயம். அறியாமை. ஊசி போட்டால்தான் காய்ச்சல் வரும் என்ற நம்பிக்கை. தனக்கு ஒன்றும் வராது என்ற திமிர்.

"வாயை மூடு!" என்றேன். கையும் ஓங்கிவிட்டது. நெற்றி கிழிந்து நிற்கும் பிள்ளையை அடிக்கப் போனவன் நான். என் மனைவி லூர்து குறுக்கே வந்து நின்றாள். தாயைத் திட்டவில்லை, மகளைத் திட்டவில்லை. என்னைத்தான் முறைத்தாள். "சொல்லுங்க. அவகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இதை வாசிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

2

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கி இந்த வாரத்தோடு முப்பத்து மூன்று வருஷம். வழக்கமாக அன்றைக்கு ஆட்டுக்கறி வாங்குவேன். இந்த வருஷம் ஒன்றும் வாங்கவில்லை. தையல் போட்ட வீட்டில் என்ன விருந்து.

ஈப்போவைப் பற்றி, சுண்ணாம்புக் குன்றுகளையும் குகைக் கோயில்களையும் பற்றி எழுதுங்கள் என்றுதான் உங்கள் பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். குன்றுகள் இருக்கின்றன. காலை ஆறரைக்குப் புந்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கிந்தா ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது தினமும் பார்க்கிறேன். அப்புறம் ஒரு சீன டாக்டரின் கிளினிக்கில் நாள் முழுக்க இருமல் மருந்து ஊற்றுகிறேன். பேர், வயது, கார்டு நம்பர். ஒரு நாளைக்கு எண்பது தடவை இதையே கேட்கிறேன். வயது என்று கேட்கும்போதெல்லாம் என் குரல் இறங்கிவிடுகிறது. டாக்டர் அதைக் கவனித்து, "ஏன்யா, பொம்பளைங்ககிட்ட பேசுற மாதிரி எல்லார்கிட்டயும் குசுகுசுக்கிற?" என்று மலாயில் கேலி செய்வார்.

மூன்று வருஷத்துக்கு முன் லால்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். தம்பி மனைவியிடம் "பசியாறிட்டியாலா?" என்று, சாப்பிட்டாயா என்பதை இங்கத்துப் பேச்சில் கேட்டதற்கு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இங்கே என்னவென்றால் இன்னமும் என்னை "ஊர்க்கார டிரெசர்" என்கிறார்கள். அங்கே மலாய்க்காரன், இங்கே ஊர்க்காரன். போகட்டும். இந்த மாதம் எனக்கு அதைப் பற்றிப் புலம்ப நேரமில்லை.

3

தோட்டத்தில் டிரெசர் என்றால் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புண் கட்டுபவர், மருந்து கொடுப்பவர், பிரசவத்துக்கு ஓடுபவர். அதோடு, யாருக்கு நிஜமாகவே உடம்பு முடியவில்லை, யார் வேலைக்குக் கள்ளம் போடுகிறார் என்று துரைக்குச் சொல்பவர். அந்தக் கடைசி வேலைக்குத்தான் சம்பளம் என்று சனங்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். கோப்பெங்கிலிருந்து உள்ளே ஆறு மைல் போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் அந்த வேலை பார்த்தேன். தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன்.

அந்தோணியம்மா அங்கே பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். புருஷனை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனான். அவர் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகள்: லூர்து, அவளுக்கு ஆறு வயது இளையவன் சவரி. தனியாகத்தான் வளர்த்தார். அடித்து வளர்த்தார். பிள்ளைகளை மட்டுமல்ல. பால் வாளிகளை இரண்டு பக்கமும் மாட்டித் தோளில் சுமக்கும் கம்புக்குக் காண்டாக் கம்பு என்று பெயர். இளம்பெண் ஒருத்தியின் கையைப் பிடித்த மேற்பார்வை மண்டோரை அந்தக் கம்பாலேயே அடித்துத் தோள் எலும்பை நொறுக்கினார். கட்டுப் போட்டது நான். கட்டுப் போடும்போது மண்டோர் சொன்னார்: "டிரெசரு, ஒங்க மாமியாரு பொம்பள இல்லலா, காட்டெருமை."

ஆனால் என்னிடம் அப்படி இல்லை. மாப்பிள்ளை ஆயிற்றே. நான் வீட்டுக்குள் நுழைந்தால் கதவோரம் ஒதுங்கி நின்று, "வாங்க மாப்ள" என்பார். காப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யாரைப் பார்த்தாலும், "எம் மாப்ள டிரெசரு" என்று இரண்டு தடவையாவது சொல்லிவிடுவார். அந்தப் பெருமையில்தான் நான் கெட்டேன். அவரையும் கெடுத்தேன்.

அவர் வயது ஒரு தனிக்கதை. ஜப்பான் சண்டை முடிந்து சில வருஷத்தில் எல்லாருக்கும் அடையாளக் கார்டு போட வந்தார்கள். வயதான விதவைகளைத் தோட்டத்து ஆள் பேரேட்டிலிருந்து எடுத்துவிட்டு ஊருக்குக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. அந்தோணியம்மா என்ன செய்தார் தெரியுமா? பன்னிரண்டு வயது லூர்துவை மரக்காட்டுக்குள் ஒளித்து வைத்தார். ஆறு வயதுச் சவரியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். இருபத்து மூன்று என்று சொல்லிப் பத்து வயதைக் குறைத்துவிட்டார். கார்டுப்படி பார்த்தால் அவர் என் மனைவியைப் பதினொரு வயதில் பெற்றிருக்கிறார். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அவர் மட்டுமல்ல, அந்தத் தோட்டத்தில் கிழடு தட்டியவர்கள் முக்கால்வாசிப் பேர் கார்டில் இளைஞர்கள். ஐம்பத்தைந்தில் வேலையை நிறுத்திவிடுவார்கள். வேலை நின்றால் வீடு போய்விடும், ஏனென்றால் லயத்து வீட்டில் ஒருவராவது தோட்டப் பேரேட்டில் இருக்க வேண்டும். அந்தோணியம்மாவின் வீட்டில் பேரேட்டில் இருந்தது அவர் ஒருவர்தான். சவரி தெலுக் இந்தானில் லாரி ஓட்டினான். அவன் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இவரோடுதான் இருந்தார்கள். ஆறு தலைக்கும் கூரை அந்தப் பொய் வயதுதான்.

4

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் தோட்டமே காய்ச்சலில் விழுந்தது. காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் பாதி இடம் காலி. ஐந்து கிழவர்கள் செத்தார்கள். அந்தோணியம்மா என் மருந்துக் கொட்டகையில் ஒன்பது நாள் கிடந்தார். மூச்சு இழுக்கிற இழுப்பில் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஏழாவது நாள் மாதா கோயில் சாமியாரை அழைத்துக் கடைசி எண்ணெயும் பூசிவிட்டோம். எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் பினாங்கிலிருந்து ஐஸ் பெட்டியில் ஊசி மருந்து வந்தது. கூடவே ஒரு கடிதம். மருந்து குறைவு, அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் போடவும். பேர், பேரேட்டு நம்பர், வயது, கைநாட்டு எல்லாம் பட்டியல் எழுதி, காலி பாட்டில்களோடு ஆபீஸ் வழியாகத் திருப்பி அனுப்பவும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மணி அடித்தேன். கிழவர்களும் கிழவிகளும் வந்தார்கள். வந்து, கொட்டகைக்கு எதிரே மரநிழலில் நின்றுகொண்டார்கள். ஓர் ஆளும் படியேறவில்லை. போன வருஷத்துச் சாவு வீடுகளைச் சொல்லி நான் கத்திக் கத்திப் பார்த்தேன். அசையவில்லை.

அப்போது அந்தோணியம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். வெளுத்த சேலை, முகத்தில் பவுடர். "எம் மாப்ள போடுற ஊசிலா, எனக்கென்னா பயம்!" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வயசு?" என்றேன்.

"அம்பத்தொண்ணு."

கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. "அத்தே, இது அறுவதுக்கு மேல உள்ளவங்களுக்குத்தான். ஒங்க மகளுக்கே நாப்பது ஆச்சு."

அவர் சிரிக்கவில்லை. பட்டியலைக் குனிந்து பார்த்தார். "இந்தப் பேப்பரு ஆபீசுக்குப் போவுமா மாப்ள?"

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை இன்று வரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. "இது மருந்துப் பேப்பரு. மருந்துக்காரங்கதான் பாப்பாங்க. வயச மறைச்சா மருந்து வேலை செய்யாது" என்றேன். இரண்டுமே பொய். ஆபீஸ் வழியாகத்தான் போகும் என்று கடிதத்திலேயே இருந்தது. ஆனால் போனால் போகட்டும், மருந்து விஷயத்தில் யார் தலையிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவரைக் காப்பாற்ற வேண்டும், அவரைப் பார்த்து மற்றவர்களும் வர வேண்டும். அது ஒன்றுதான் என் மண்டையில் இருந்தது.

அவர் ரவிக்கைக் கையை மேலே சுருட்டினார். அறுபத்தொன்று என்று எழுதினேன். அவர் கைநாட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு பதினாறு பேர் வந்தார்கள். அந்தோணியம்மாவே போட்டுக்கொண்டார், டிரெசரே வாக்குக் கொடுத்தார் என்று நம்பி, பாவம், உள்ள வயதைச் சொன்னார்கள். ஒருவர் சந்தோஷத்தில் எழுபது என்றார். வீட்டுக்குப் போய் லூர்துவிடம் மார்தட்டிக்கொண்டேன். அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே போட்டாள். "வயச எழுதுனீங்களா? அட பாவி மனுஷா!"

5

தோட்டத்தில் பழைய ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட ஆரம்பித்திருந்த சமயம். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். யாரை நிறுத்தலாம் என்று ஆபீஸில் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். காரணத்தை நானே கைப்பட எழுதி, கைநாட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரத்தில் நோட்டீஸ் வந்தது. பிரட்டுக்களத்தில் பதினேழு பேரைப் பேர் சொல்லித் தனியே நிறுத்தினார் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று படித்தார். கையிலிருந்தது என் பட்டியல்.

அந்தோணியம்மா அன்றைக்கும் வேலைக்குப் போனார். மரம் வெட்டினார், பால் எடுத்தார். மத்தியானம் இரண்டு வாளிப் பாலையும் நிறுவைக்குக் கொண்டுபோகாமல் நேராக ஆபீஸுக்குள் நுழைந்தார். ஒரு வாளியைக் கிராணி தலையில் கவிழ்த்தார். இன்னொன்றைப் பேரேட்டின் மேல் ஊற்றினார். பிறகு காண்டாக் கம்பை எடுத்துக் கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்தார். ஜன்னல், டைப்ரைட்டர், சுவர்க் கடிகாரம். இரண்டு காவல்காரர்கள் அவர் தலைமுடியைப் பிடித்து வாசல் வரைக்கும் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருவன் விரலைக் கடித்துவிட்டார், நகம் பெயர்ந்துவிட்டது. போலீஸ் ஜீப் வந்தது. கோப்பெங்கில் இரண்டு ராத்திரி அடைத்து வைத்தார்கள்.

நானும் லூர்துவும் அழைத்துவரப் போனோம். ஒரு பக்கம் முடி பிய்ந்து தலைத்தோல் தெரிந்தது. என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "லூர்து, ஒம் புருஷன தள்ளி நிக்கச் சொல்லு" என்றார். அதோடு சரி. அதற்கப்புறம் பத்து வருஷம் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் சவரி வந்தான். லாரியைக் கொட்டகை முன்னாலேயே நிறுத்தினான். மருந்து அலமாரியைத்தான் முதலில் கவிழ்த்தான். "மச்சான்! எங்கம்மா வயசு ஒனக்கெதுக்குலா? நீ என்னா எமனா?" என்று கேட்டுக்கொண்டே இரும்புத் தட்டால் வாயில் அடித்தான். இரண்டு பல் போயிற்று. கீழே விழுந்தவனை விலாவில் உதைத்தான். நானும் சும்மா வாங்கிக்கொண்டிருக்கவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறதே, ஊரில் அப்பாவைத் தவிர ஒருத்தன் கைநீட்ட விடாமல் வளர்ந்தவன் ஆயிற்றே. ஊசி காய்ச்சுகிற அடுப்பின் இரும்புக் கம்பி கைக்கு வந்தது. அடித்தேன். மணிக்கட்டு எலும்பு முறிகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ பேருக்குக் கட்டியிருக்கிறேன்.

கட்டுப் போட வா என்றேன், வாயில் ரத்தத்தோடு. என் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போனான். எங்கோ போய் எண்ணெய் வைத்துக் கட்டிக்கொண்டான். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. கியர் போட முடியாமல் லாரி வேலையும் போயிற்று. இப்போது தெலுக் இந்தான் சந்தையில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான்.

6

வாய் வீங்கிக் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்த நாட்களில் என் அப்பா ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஊரில் அவர் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். பொய் சொன்னால் பிரம்பு முறியும் வரை அடிப்பார். நான் இத்தனை வீம்பான யோக்கியனாக வளர்ந்தது அந்தப் பிரம்பினால்தான். ஆனால் உங்களுக்குத் தெரியும், நம் ஊர்ப் பக்கம் பாதிச் சனம் ஜூன் முதல் தேதியில் பிறந்தது. பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாக்களுக்கு மாதமும் தெரியாது, வருஷமும் தெரியாது. அப்பா பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது, ஜூன் ஒன்று. பெற்ற பிள்ளையான எனக்கும் ஜூன் ஒன்றுதான் போட்டிருக்கிறார்.

ஒரு ஊருக்கே பொய் வயது எழுதியவர் என் அப்பா. அதனால் யார் வீடும் போகவில்லை, பிள்ளைகள் படித்தார்கள். அவர் பிள்ளை நான் கடல் தாண்டி வந்து, பதினேழு பேருக்கு நிஜம் எழுதி நடுத்தெருவில் நிறுத்தினேன். வீங்கிய வாயோடு சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

7

என்னை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. அதுதான் கேவலம். துரைக்கு என் மேல் சந்தோஷம்கூட. அடுத்த வருஷமும் ஐஸ் பெட்டி வந்தது.

மணி அடித்தேன். ஓர் ஆள் இல்லை. மரநிழலிலும் இல்லை. லயம் லயமாகப் போனேன். கிழடுகள் எல்லாம் காட்டுக்குள் போய்விட்டார்கள் என்று பிள்ளைகள் சொல்லின. ஊசி என்றால் வயசு கேட்பார்கள், வயசு சொன்னால் வீடு போகும். பக்கத்துத் தோட்டங்களுக்கும் இந்தப் பேச்சு பரவியிருந்தது. வாந்திபேதி ஊசி, அம்மை ஊசி எதற்குமே கிழவர்கள் வரவில்லை. ரீத்தாவின் பாடப்புத்தகத்தில் இந்தக் காரணம் இல்லை.

முனியாண்டி என்று ஒருவர், பெரிய ஆஸ்துமாக்காரர். கார்டில் ஐம்பத்து நான்கு. சாக்கடைப் பாலத்துக்கு அடியில், தூறலில், முழங்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு வெறி வந்துவிட்டது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். "பேரு எழுத மாட்டேன், வா! சத்தியமா எழுத மாட்டேன்!" என்று கத்தினேன். மைதானத்தில் சேற்றோடு அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். அவர் அலறினார். லயத்தில் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். "போன வருசமும் சத்தியம்தான்லா பண்ணே!" என்று சொல்லி என் கையைக் கடித்தார். விட்டுவிட்டேன். எழுந்து ஓடினார், அந்த மூச்சை வைத்துக்கொண்டு.

அந்த மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து வாங்கக்கூட வரவில்லை. அவர் போன ஐந்தாம் நாள் அவர் மனைவியும் போனார். அந்த அம்மாவை எடுத்துப் போகும்போது தோள் கொடுக்க நானும் போனேன். முனியாண்டியின் மகன் என் மார்பில் எட்டி உதைத்தான். நான் திருப்பி அடிக்கவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு ஈப்போவுக்கு வந்துவிட்டேன்.

8

தோட்டத்தை விட்டபின் அந்தோணியம்மா சவரியோடு தெலுக் இந்தானில் இருந்தார். நெஞ்சுச் சளி முற்றி, ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர வேண்டியிருந்ததால் இரண்டு வருஷத்துக்கு முன் லூர்து போய் அழைத்துவந்தாள். என் வீட்டுக்குள் நுழையும்போது, "இது எம் மவ வீடுலா" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தார்.

வயதானால் கோபம் தணியும் என்பார்கள். ஒன்றும் தணியவில்லை. போன வருஷம் வாங்கிய கலர் டிவி மேல் செம்பை எறிந்தார். பால்காரரைத் துடைப்பத்தால் விரட்டினார். ரேஷன் மாதிரி லூர்துவுக்கு வாரம் ஒரு அடி உண்டு, ஐம்பது வயது மகள் என்று பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் ஒன்றும் விழவில்லை. ஒரு கரண்டி, ஒரு வசவு, ஒன்றும் இல்லை. என் முன்னால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார். மாப்பிள்ளையை அடிக்கக் கூடாது என்ற முறை. சவரி உதைத்தது ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. இந்த மரியாதையைத்தான் பத்து வருஷமாக என்னால் தாங்க முடியவில்லை.

9

இதுவரைக்கும் நேற்று எழுதியது. இனி இன்றைக்கு நடந்தது.

காலையில் டாக்டரிடம் போய், ஒரு டோஸ் ஊசி வேண்டும், காகிதம் எழுதமாட்டேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "யார் பேர்லயாவது எழுதணும்யா, எனக்குச் சூசா வரும்" என்றார். சூசா என்றால் தொல்லை. வேலைக்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு டோஸ் உண்டு. என் பேர், ஐம்பத்திரண்டு வயது, ஜூன் முதல் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மருந்தை ஐஸ் பிளாஸ்கில் வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதிய முதல் பொய். எழுத்து ஒன்றும் கோணவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். ரீத்தா வேலைக்குப் போயிருந்தாள். லூர்து கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்தோணியம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். எதிரில் போய் நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"அத்தே."

முந்தானையை இழுத்துக்கொண்டார். "லூர்து! ஒம் புருஷனுக்கு என்னா வேணுமாம், கேளு!"

"அவ பின்னால இருக்கா, கேக்காது. எங்கிட்டயே பேசுங்க." பிளாஸ்கையும் ஊசியையும் பஞ்சையும் முன்னால் வைத்தேன். "பேப்பரு ஒண்ணுமில்ல. பேரு, வயசு ஒண்ணும் வேணாம். எம் பேர்ல எழுதி வாங்கிட்டு வந்துட்டேன்."

ரொம்ப நேரம் தலை கிள்ளினார். தட்டில் பாதி நெத்திலி தீர்ந்தது. பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப ஒங்களுக்கு?"

பத்து வருஷத்தில் முதல் வார்த்தை. "எனக்கு வேணாம்" என்றேன்.

"பொய்யா எழுதுனீங்க?"

"ஆமா."

"ம்." இன்னும் இரண்டு மீன். "வயசு கேக்கலியா?"

"கேக்கல."

"கேக்காட்டி போங்க, நா சொல்றேன். எழுவத்தஞ்சு."

நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். "அப்ப அன்னிக்கி..."

"அறுவத்தஞ்சு. அறுவத்தொண்ணுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"லூர்து."

"அவளுக்கு முன்னால ரெண்டு பெத்துக் குழியில வச்சேன். அவ எப்ப பொறந்தா, நா எப்ப பொறந்தேன்! அவளுக்கென்னாலா தெரியும்? பெரிய உண்மைய எழுதிப்புட்டாராம்!"

பதினேழு குடும்பம். சவரியின் கை. சாக்கடைத் தண்ணீரில் உட்கார்ந்திருந்த முனியாண்டி. நிஜம் என்று நான் எழுதியது நிஜம்கூட இல்லை. "மன்னிச்சிருங்க அத்தே" என்றேன்.

"முனியாண்டிகிட்ட போயி கேளுங்க" என்றார்.

கையைத் தண்ணீரில் அலசினார். இடது கை ரவிக்கையை மேலே ஏற்றிவிட்டு என் பக்கம் நீட்டினார். தோல் தொங்கிவிட்டது. ஆனால் உள்ளே மரம் வெட்டிய நரம்பு இன்னும் கயிறு மாதிரி கிடக்கிறது. பஞ்சால் துடைத்தேன், ஊசியை இறக்கினேன், மெதுவாக மருந்தைச் செலுத்தி வெளியே எடுத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்ல நிமிர்ந்தேன்.

வலது கையால் அறைந்தார். இடது கன்னத்தில், முழுக் கையையும் வீசி. மூக்குக்கண்ணாடி பறந்து அடுப்புக்கு அடியில் போய் விழுந்தது. பொய்ப்பல் இரண்டும் இடம் மாறிவிட்டன. காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம். தரையில் கை ஊன்றித்தான் விழாமல் தப்பினேன்.

அந்தச் சத்தம் கொல்லைப்புறம் வரை கேட்டிருக்கிறது. லூர்து ஈரத்துணியோடு ஓடி வந்தாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "என்னாச்சு? என்னாங்க ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்லலா, ஊசி வலிச்சிருச்சு" என்றார் அந்தோணியம்மா.

"ஆமா, கொஞ்சம் ஆழமா எறக்கிட்டேன்" என்றேன் நான்.